இளையோர் நிதிக்குழுத் திட்டம்: பணத்தோடு முடிவையும் கொடுத்தால்தான் பலன்

பதினைந்து வயதிலிருந்து இருபத்தொன்று வரை உள்ள பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் பொறுப்பில் ஒரு தொகையை விட்டு, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தொண்டு அமைப்புகளில் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லும் திட்டங்கள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. அப்படி ஒரு சமூக அறக்கட்டளை நடத்தும் இளையோர் நிதிக்குழுவில் பெரியவர் துணையாக இருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் நிறையும் குறையும் இந்த வகைத் திட்டம் எங்கே நடந்தாலும் வரக்கூடியவைதான். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கும், தங்கள் அமைப்பில் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று நினைப்பவர்களுக்கும் பெயரைவிட நடைமுறைதான் உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பிடித்துவைத்த அந்த ஒரு மதிப்பெண்ணுக்குக் காரணம் கடைசியில் வரும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் திட்டத்தை எடைபோடுவது சுலபம். 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கினார். பணக்காரர்கள் உயில் எழுதி ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குச் சொத்தை விட்டுப் போவார்கள், ஐம்பது வருடம் கழித்து அந்தக் காரியத்துக்குத் தேவையே இருக்காது, ஆனாலும் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது. அதற்குத்தான் அவர் வழி கண்டுபிடித்தார். பலருடைய கொடையை ஒன்றாகச் சேர்த்து வைப்போம், அந்தந்தக் காலத்தில் எது தேவை என்று அந்த ஊர்க்காரர்களின் குழு ஒன்று முடிவு செய்யட்டும் என்றார். அப்புறம் 1980-களின் கடைசியில், மிச்சிகன் மாநிலத்தில் கெல்லாக் அறக்கட்டளை பல சமூக அறக்கட்டளைகளுக்குப் பெரிய தொகை கொடுக்க முன்வந்தபோது ஒரு நிபந்தனை போட்டது. ஒரு பகுதியை இளையோருக்கான நிரந்தர நிதியாக ஒதுக்க வேண்டும், அதை எப்படிப் பங்கிடுவது என்று சொல்ல இளையோர் குழு ஒன்றை அமைக்க வேண்டும். இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 80-க்கும் மேற்பட்ட இளையோர் குழுக்கள் இருக்கின்றன. இது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்த நிரந்தர நிதிதான் காரணம் என்பது என் கருத்து. மூலத்தொகையைத் தொடாமல் அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் செலவழிக்கிறார்கள், அதனால் தலைவர் மாறினாலும் புரவலருக்கு மனம் மாறினாலும் பிள்ளைகளின் குழுவைக் கலைக்க முடியாது. நீங்கள் ஒரு திட்டத்தைப் பற்றி விசாரிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தப் பணம் அடுத்த வருடமும் இருக்குமா?

சரி, நான் பார்த்த குழுவில் வருடம் எப்படி ஓடியது என்று சொல்கிறேன். முதலில் தங்கள் வயதுக்காரர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு. உனக்கும் உன் நண்பர்களுக்கும் இப்போது பெரிய கஷ்டம் எது என்று கேட்பார்கள். பதில்களைத் தொகுத்து அந்த வருடம் எந்த இரண்டு மூன்று விஷயங்களுக்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். அப்புறம் விண்ணப்பம் கோரும் அறிவிப்பை அவர்களே எழுதுவார்கள். வருகிற விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட்டு, மேலே வந்த அமைப்புகளை நேரில் போய்ப் பார்த்து, உட்கார்ந்து விவாதித்து வாக்களிப்பார்கள். பணம் போன பிறகு அது என்ன ஆனது என்று மறுபடி போய்ப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். விண்ணப்பித்த அமைப்பில் அம்மாவோ சித்தப்பாவோ வேலை பார்த்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு அந்த விவாதத்தின்போது வெளியே போய்விட வேண்டும். இந்த விதியைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கறாராகப் பின்பற்றினார்கள், ஒரு பையன் தன் பழைய டியூஷன் ஆசிரியர் நடத்தும் அமைப்பு என்பதற்காகவே எழுந்து போனான்.

பயிற்சி சுமார்தான். தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று இரண்டு நாள் முகாம், விளையாட்டு, வண்ண அட்டைகள். பிள்ளைகள் சிரித்துப் பேசிப் பழக அது உதவியது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு தணிக்கை அறிக்கையைப் படிப்பது எப்படி, கையிருப்பு என்றால் என்ன, ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணத்துக்கும் எதற்கும் செலவழிக்கக்கூடிய பணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்காளர் வந்து சொல்லிக் கொடுத்த அரை நாள்தான் உண்மையில் வேலைக்கு ஆனது. முகாமைக் குறைத்து இதைக் கூட்டலாம்.

களத்துக்குப் போவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சின்ன அமைப்பு நடத்தும் வாசிப்பு மையம், புத்தகமும் அலமாரியும் வாங்க விண்ணப்பித்திருந்தது. மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் என்று விண்ணப்பத்தில் இருந்தது. போய் இறங்கினால் கதவுப் பலகையில் ஏழு என்ற எண்ணின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் ஐந்து என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. குழுவிலேயே அதிகம் பேசாத ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, மையத்தை நடத்தும் அம்மாவிடம் நேராகக் கேட்டாள்: "அக்கா, ஐந்து மணிக்கே மூடிடறீங்களா? அப்போ ஸ்கூல் விட்டு வர்றவங்க எப்ப படிப்பாங்க?" அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சாயங்காலம் பார்த்துக்கொண்டிருந்தவர் சம்பளம் போதாமல் போய்விட்டார் என்றும், சம்பளத்துக்கு யாரும் நிதி தருவதில்லை, எல்லோரும் புத்தகம்தான் தருகிறார்கள் என்றும் சொல்லி மூலையைக் காட்டினார். போன வருடம் யாரோ கொடுத்த புத்தகப் பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன.

அதுவரை எங்கள் மதிப்பெண் தாளில் நிர்வாகச் செலவும் சம்பளமும் குறைவாக இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்று ஒரு வரி இருந்தது. பெரியவர்கள் தயாரித்துக் கொடுத்த தாள் அது. நன்கொடை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறோம், நம் பணம் யாருடைய சம்பளத்துக்கும் போய்விடக் கூடாது என்று. திரும்பி வந்த பிள்ளைகள் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று வாதாடினார்கள். அதோடு நிற்கவில்லை. அறக்கட்டளையின் விதியிலேயே சம்பளத்துக்கு நிதி கிடையாது என்று இருந்தது, அந்த விதியை மாற்றக் கோரி ஒரு பக்கக் கடிதம் எழுதி அறங்காவலர் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். இழுபறிக்குப் பிறகு ஒரு வருடச் சம்பளத்துக்கு ஒப்புதல் வந்தது. ஒரு வருடம் முடிந்ததும் அந்த ஆள் மறுபடி போய்விடுவாரே என்று ஒரு பையன் கேட்க, முதல் வருடம் முழுச் சம்பளம், இரண்டாம் வருடம் பாதி, அதற்குள் மீதியை மையம் வேறு இடத்தில் திரட்ட வேண்டும் என்று திருத்தினார்கள். தொண்டுத் துறையில் வருடக்கணக்காக இருப்பவர்களே தயங்குகிற ஒரு விஷயத்தை அந்தப் பிள்ளைகள் ஒரு கதவுப் பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, விதியையும் மாற்ற வைத்தார்கள். இதை எந்தத் தலைமைப் பயிற்சி முகாமும் கொடுத்துவிடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு விஷயம் மறுப்புக் கடிதங்கள். வழக்கமாக என்ன எழுதுவார்கள்? அதிக விண்ணப்பங்கள் வந்ததால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை, வாழ்த்துகள். ஆறு மாதம் உட்கார்ந்து விண்ணப்பம் தயாரித்த அமைப்புக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இங்கே மறுக்கும் கடிதத்தையும் பிள்ளைகளே எழுதினார்கள், உண்மையான காரணத்தோடு. எத்தனை பேருக்குப் பயன்படும் என்று எங்கும் இல்லை, போன வருடத்துக் கணக்கு இணைக்கப்படவில்லை, பயன்பெறப்போகும் பிள்ளைகளிடம் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை, இப்படி. காரணத்தையும் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் மனமும் நோகக் கூடாது. அந்தக் கடிதத்தோடு அவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறுக்கப்பட்ட ஓர் அமைப்பு அடுத்த முறை அந்தக் குறைகளைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பித்துப் பணம் வாங்கியது.

இதற்கு மாற்றாக இருக்கும் திட்டங்களையும் சொல்ல வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடம் முழுக்க நேரம் ஒதுக்க முடியாது. 2002-ல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய ஒய்பிஐ (யூத் அண்ட் ஃபிலாந்த்ரோபி இனிஷியேட்டிவ்) என்ற இளையோர் கொடைத் திட்டம் வகுப்பறைக்குள்ளேயே நடக்கிறது. மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்து, அதற்காக வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பைத் தேடிப் போய்ப் பேசி, திரும்பி வந்து அந்த அமைப்புக்காக மேடையில் வாதாடுகிறார்கள், வென்ற குழு சொன்ன அமைப்புக்குப் பணம் போகிறது. ஸ்காட்லாந்தில் பங்கேற்கும் ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி 3,000 பவுண்டு கொடுக்கிறார்கள். ஒரு வகுப்பு முழுக்க உள்ளே வந்துவிடுவது இதன் பெரிய பலம், ஆர்வமுள்ளவர்கள் மட்டும் என்று இல்லை. பலவீனம், பேச்சுத்திறமைக்குக் கொஞ்சம் அதிக இடம் கிடைத்துவிடுகிறது, நன்றாகப் பேசும் பிள்ளை இருக்கும் குழு எடுத்த அமைப்பு ஜெயிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இன்னொரு கோடியில் 2010-ல் தொடங்கிய ஃப்ரிடா என்ற இளம் பெண்ணியவாதிகளுக்கான நிதியம் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கும் குழுக்களே ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் படித்து வாக்களித்து யாருக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவு செய்கின்றன. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற அடுக்கையே கலைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் கொடை உலகத்தில் இளையவர்கள் செய்திருக்கும் ஆகத் துணிச்சலான காரியம் இதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியுமா என்றால் கஷ்டம், ஆனால் குழுவில் ஒன்றிரண்டு பேராவது இதே அமைப்புகளின் உதவியால் படித்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நான் இருந்த குழு கோட்டைவிட்டதும் அங்கேதான். பள்ளிகளிடம் நல்ல மாணவர்களை அனுப்பச் சொல்லி ஆள் எடுத்தார்கள். பள்ளி யாரை அனுப்பும்? முதல் வரிசையில் இருப்பவர்களைத்தான். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிற பையன், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் சாயங்காலம் வெளியே வர முடியாத பெண், இவர்கள் யாரும் வரவில்லை. கருத்துக்கணிப்பில் அவர்கள் கஷ்டம்தான் பக்கம் பக்கமாக வருகிறது, மேசையில் அவர்கள் இல்லை. பயணச் செலவைக் கேட்காமலே கொடுப்பது, கூட்டத்தைப் பரீட்சைக்கு முந்தின வாரம் வைக்காமல் இருப்பது, வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அன்றைய கூலி இழப்பை ஈடுகட்டுவது, இவ்வளவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முதல் இரண்டையும் கேட்டவுடன் செய்தார்கள். மூன்றாவதற்கு, தொண்டுக்கா கூலி என்று முகத்தைச் சுளித்தார்கள். அந்த முகச்சுளிப்பு தவறு. காசு இருப்பவர் மட்டும்தான் இலவசமாக உட்கார முடியும் என்றால் காசு இருப்பவர் முடிவுதான் வரும்.

அடுத்தது, இதைவிட முக்கியம். ஒரு வருடம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த பட்டியலில் மாணவர்களின் மன அழுத்தத்துக்காக இளைஞர்களே நடத்தும் ஒரு சிறு குழு இருந்தது. களத்துக்குப் போய்ப் பார்த்து, எப்போது, எந்த நிபுணரின் உதவியை நாடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு, திருப்தியாகித்தான் பரிந்துரைத்தார்கள். அறங்காவலர்கள் அதை நிறுத்தி வைத்தார்கள். சட்டப்படி பொறுப்பு அவர்களுடையது, கணக்கில் கோளாறு இருந்தாலோ பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஏற்பாடு இல்லாவிட்டாலோ நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்குக் கேள்வியே இல்லை. ஆனால் இங்கே சொன்ன காரணம், விஷயம் கொஞ்சம் சிக்கலானது, வெளியே எப்படிப் பேசுவார்களோ என்பது மட்டும்தான். அதையும் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை, வெளியான இறுதிப் பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை.

குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃப்புக்காக எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். கீழே இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை: பிள்ளைகளைத் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குக் கருத்துக் கேட்பது. காரணம் சொல்லாமல் முடிவை மாற்றிய அந்த நாளில் அத்தனை மாத உழைப்பும் மூன்றாம் படிக்கு இறங்கிவிட்டது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்பதோடு நிற்காமல், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பும் கொடுக்க வேண்டும் என்கிறது. கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவதை அதில் எங்கும் அனுமதிக்கவில்லை.

அறக்கட்டளையின் பெருமைக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். இப்போது எழுத்தில் விதி இருக்கிறது: பரிந்துரையை ஏற்காவிட்டால் எழுத்துமூலம் காரணம் தர வேண்டும், அந்த விவாதத்தில் குழுவின் பிரதிநிதிகள் இருவர் உட்கார வேண்டும், மாற்று யோசனை சொல்ல அவர்களுக்கு அவகாசம் வேண்டும். நீங்கள் புதிதாக ஒரு குழு தொடங்குவதாக இருந்தால் இந்த மூன்றையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள், ஒரு கசப்பு வந்த பிறகு எழுத வேண்டாம். சேர நினைக்கும் பிள்ளைகளும் இதைத்தான் கேட்க வேண்டும், நாங்கள் எடுப்பது முடிவா, யோசனையா? நேரான பதில் வராத இடத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். இருபத்தொரு வயது ஆனதும் குழுவிலிருந்து வெளியேற வேண்டும். அப்புறம்? கணக்கு படிக்கத் தெரியும், களத்தில் கேள்வி கேட்கத் தெரியும், முகம் பார்த்து மறுக்கத் தெரியும், ஒரு விதியை மாற்ற வைத்த அனுபவம் இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற ஒருவருக்கு ஒரு சான்றிதழும் பெரிய காசோலை அட்டையோடு எடுத்த புகைப்படமும்தான் மிச்சம். எல்லாத் தொண்டு அமைப்பும் நிர்வாகக் குழுவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறது, தயாராக இருக்கும் ஆட்களை வாசலோடு வழியனுப்பி வைக்கிறது. வயதும் சட்டமும் எப்போதும் தடை என்று சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கம்பெனி வடிவிலோ, தொண்டு நிறுவனங்களுக்கென்றே உள்ள சிஐஓ என்ற சட்ட வடிவிலோ பதிவான தொண்டு நிறுவனத்தில் 16 வயதிலேயே அறங்காவலராகலாம், மற்ற வடிவங்களில்தான் 18 ஆக வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், அமைப்பின் சொந்த விதிகளையும் பாருங்கள், பல இடங்களில் தடையாக இருப்பது சட்டமாக இருக்காது, பழக்கமாகத்தான் இருக்கும்.

நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் குழுவின் பழைய உறுப்பினர் ஒருவரை வேறோர் அமைப்பு பார்வையாளராக எடுத்தது, வாக்கு கிடையாது. கூட்டத்துக்கு முந்தின இரவு தடிமனான ஒரு கோப்பு வரும், பாதி சுருக்கெழுத்துகள், கூட்டம் வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு. ஒரே ஓர் இளைஞர், சுற்றிலும் தன் வயதைப்போல் இருமடங்கு வயதுள்ளவர்கள், இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் சொல்லுங்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் வரும்? எடுத்தால் இரண்டு பேரையாவது எடுக்க வேண்டும், வாக்கோடு எடுக்க வேண்டும், முதல் வருடம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒரு மூத்த உறுப்பினரைச் சேர்த்துவிட வேண்டும், கோப்பு ஒரு வாரம் முன்னால் வர வேண்டும். அவர்களிடம் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாமல் நிதிக்குழுவில் போடுங்கள். கணக்கைக் கேள்வி கேட்கப் பழகியவர்களை அங்கே உட்கார வைப்பதுதான் மரியாதை.

பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில், கட்டாயம் சேர்த்துவிடுங்கள், ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். அப்படி வந்த பிள்ளைகள் களத்துக்குப் போகும் நாட்களில் காணாமல் போனார்கள், மற்றவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். மாதம் இரண்டு சாயங்காலங்கள், விண்ணப்பம் படிக்கும் காலத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம், இவ்வளவு நேரம் தரமுடியும் என்றால் நல்லது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை என்றால் தயங்கவே வேண்டாம், கதவுப் பலகையைக் கவனித்தது அப்படிப்பட்ட பிள்ளைதான்.

அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு இரண்டு இடம் வேண்டும் என்று குழுவின் இந்நாள், முன்னாள் உறுப்பினர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது. கிடைத்தால் ஐந்தாவது மதிப்பெண்ணையும் போட்டுவிடுகிறேன்.